படிக்காமல் அமுக்காதே

"கையை எடுடா சுவிட்சுலேருந்து!"

"நீ முதல்ல என் கையை விடு அக்கா, வலிக்குது…"

"வலிக்கட்டும். அணைச்சேன்னா தெரியும் சேதி…"

"அணைச்சுட்டுத் திருப்பிப் போடத்தானே போறேன்! என்னமோ கருமாதி பண்ணப் போற மாதிரி கத்துற. எந்த மெஷின் மக்கர் பண்ணாலும் ஒரு தடவை அணைச்சு…"

"இதை அணைக்கக் கூடாது."

"அதான் ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. போய் உன் வேலையைப் பாரு."

"என் வேலையே அதுக்குள்ளதானே மாட்டிக்கிட்டிருக்கு!"

தம்பி கையை உதறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஐம்பத்து நாலு வயசு. அக்காவுக்கு அறுபத்தொன்று. பல் செட் செய்கிற லேப் அவர்களுடையது. ரெண்டே அறை. முன்னறையில் அக்காவின் மேசை, போன், வருகிறவர்கள் உட்கார நாலு நாற்காலி. பின்னறையில் தம்பியின் மேசை, அதன்மேல் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், ராவுகிற மெஷின், செட்டை அச்சடிக்கிற பிரிண்டர், எல்லாவற்றின் மீதும் வெள்ளைத் தூசி. மேசைக்கு மேலே ஒரு பலகை. பலகையில் ரெண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

அதற்குப் பேர் பெருசு. வாங்கிப் பதிமூணு வருஷம். இந்த லேப்பில் யாருக்கெல்லாம் செட் செய்தார்களோ, அத்தனை பேர் வாயும் ஸ்கேன் எடுத்து அதற்குள் இருந்தது. உள்ளே ரெண்டு டிஸ்க். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். செய்த கம்பெனி ஆறு வருஷம் முன்னாலேயே இனி இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கையைக் கழுவிவிட்டது. அன்றைக்கே அக்கா வெளி இன்டர்நெட்டை அதற்குப் படாமல் பிடுங்கிவிட்டாள். மாசம் ஒரு தரம் தூசி உறிஞ்சினாள். விசிறி தேய்ந்து முனகியபோது வேறு விசிறி வாங்கி, பெட்டியை அணைக்காமலே மாட்டினாள். நெற்றியில் ஒரு சீட்டும் ஒட்டினாள், தன் குண்டு எழுத்தில்: படிக்காமல் எதையும் அமுக்காதே.

அந்தச் சீட்டு தம்பிக்காக எழுதியது.

"போன வாரம் வரைக்கும் ஒழுங்காத்தானே திறந்துச்சு?" என்றாள் அக்கா.

"போன வாரம் பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. அதுக்கும் பெருசுக்கும் ஒத்துப்போச்சு. இது புதுசு. பெருசு பேசுற பாஷை பழசாம், பாதுகாப்பு இல்லையாம், நான் அதோட பேச மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்குது."

"பழசை என்ன பண்ணினே?"

"உனக்குத் தெரியாதா? எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்."

"கேட்டியா என்னை? ஒரு வார்த்தை?"

"கேட்டா நீ வாங்கவே விட்டிருக்க மாட்டே!"

முன்னறையில் மணி தட்டுகிற சத்தம். ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அங்கே வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார், வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு. மேல் செட், கீழ் செட் ரெண்டும் இல்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் துண்டுச் சீட்டுதான். முதல் சீட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது: நாய்.

அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாய் மென்று துப்பிய மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

இப்போது புதுச் சீட்டு நீண்டது. அக்கா வாங்கிப் படித்தாள்.

"நாளை காலை பத்து மணிக்குக் கேஸ். நான் எழுந்து பேசாவிட்டால் பன்னிரண்டு குடும்பம் வீட்டைக் காலி பண்ண வேண்டும். எப்போது ஆகும்?"

"வக்கீலம்மா, வேணா கேஸை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லி…"

கைக்குட்டைக்கு மேலே ரெண்டு கண்ணும் பெரிதாயின. பேனா விறுவிறுவென்று ஓடியது. "இரண்டு தடவை தள்ளியாயிற்று. மூன்றாவது தடவை கேட்டால் நீதிபதி என்னையே தள்ளிவிடுவார்."

தம்பி கதவருகே வந்து நின்றான். கழுத்தில் அந்தப் பெரிய ஹெட்போன் தொங்கியது. ராவுகிறபோது காதுக்குச் சத்தம் படாமலிருக்க வாங்கியது. உள்ளே பாட்டும் பாடும். அதனால் ராவாதபோதும் கழற்ற மாட்டான்.

"அம்மா, உங்க தாடை எலும்பு தேஞ்சு போனது. உங்களுக்கு மட்டும் பதினோரு தடவை போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் சரியாச்சு, ஞாபகம் இருக்கா? இனி முதல்லேருந்து அளவெடுத்தா மாசக் கணக்காகும். அந்தப் பதினோராவது செட்டோட ஸ்கேன் என்கிட்ட இருக்கு. அது மட்டும் அஞ்சு மணிக்குள்ள கைக்கு வந்துச்சுன்னா, விடிய விடிய மெஷின் ஓடும், காலைல எட்டு மணிக்கு நீங்க வாயில மாட்டிக்கிட்டுப் போகலாம்."

"வந்தால்?" என்று எழுதிக் காட்டினார் வக்கீலம்மா. "ல்" என்கிற எழுத்துக்கு அடியில் ரெண்டு கோடு.

மணி மூணரை.

தம்பி பின்னறைக்குப் போய் மறுபடி புதுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினான். அக்கா பின்னாலேயே போனாள், பலகைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"எதுக்கு இப்ப காவல் நிக்கிற? நகரு, வயரையாவது பார்க்குறேன். இந்தக் காலண்டரை வேற இதுக்கு மூஞ்சி முன்னாடியே மாட்டி வச்சிருக்க…"

"காலண்டர்ல கையை வைக்காதே!"

"காலண்டர்லயும் வைக்கக் கூடாதா? சரிதான்."

காலண்டருக்குப் பின்னால் ரெண்டு சின்ன விளக்கு. ஒன்று பச்சை. இன்னொன்று எட்டு மாசமாகச் சிவப்பு. அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். பெருசு எட்டு மாசமாக ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. பதிமூணு வருஷம் நிற்காமல் சுற்றியதை ஒரு தரம் நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமோ என்னவோ.

"டேய், புது டிஸ்க் ஒண்ணு வாங்கிப் போடுன்னு நான் உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"மூணு தடவை."

"என்ன சொன்னே நீ?"

"மணி அடிக்கட்டும், வாங்கலாம்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். டிஸ்க் போச்சுன்னா கீ கீன்னு மணி அடிக்கும்னு பெருசோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு, நீதானே படிச்சுக் காட்டினே? என் தலைக்கு ரெண்டடி மேல இருக்கு. அடிச்சா எனக்குக் கேக்காதா? அடிக்கல. அப்ப நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதை அணைச்சுப் போட்டா என்ன ஆயிடும்?"

அக்கா காலண்டரின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். மணி அடிக்கத்தான் செய்தது. மார்ச்சில் பொண்ணு வீட்டில் மூணு நாள் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்த மதியம், கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம். தம்பி சாப்பிடப் போயிருந்தான். முன்னறையில் ரெண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனும் அடித்தது. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாவிட்டால் கத்துமே, அது மாதிரி என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் பெருசின் பக்கத்தைத் திறந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கினாள். சத்தம் நின்றது. ஒரு வாரம் கழித்து நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது டிஸ்க் செத்ததற்கு அடித்த மணி என்று தெரிந்தது. அன்றைக்கு மாட்டியதுதான் காலண்டர்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சீட்டைப் பிய்த்து அவள் நெற்றியிலேயே ஒட்டுவான். சீட்டு ஒட்டுவதற்கு முன்னாலிருந்தே, முப்பது வருஷமாக அவனை அந்த ஒரு வாக்கியத்தால்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலேகால்," என்றான் தம்பி. "போச்சு. அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு. இல்லேன்னா நகரு, நான் அணைக்கிறேன். ரெண்டுல ஒண்ணு."

முன்னறையில் வக்கீலம்மா நாளைக்கான காகிதக் கட்டை மடியில் வைத்து, உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கதவு வழியாகப் பார்த்தாள்.

"எழுந்திரு."

"எதுக்கு?"

"எழுந்திருடா. இன்னொரு வழி இருக்கு."

"இன்னொரு வழியா? எப்பலேருந்து?"

"எப்பவும் இருக்கு. பெருசுக்குன்னு தனிப் பக்கம் ஒண்ணு இருக்கு, இன்டர்நெட் பார்க்கற ஜன்னல்லயே அதோட நம்பரைப் போட்டுத் திறக்கலாம், வெளி இன்டர்நெட் வேண்டியதில்லை. அதுலேருந்தே ஃபைலை இறக்கலாம்."

"அடிப்பாவி! ரெண்டு மணி நேரமா நான் தலையைப் பிச்சுக்கிட்டிருக்கேன், நீ வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தியா?"

"திரும்பி நில்லு. பாஸ்வேர்டு போடணும்."

"உன் பாஸ்வேர்டைத் திருடி நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்?"

"திரும்பு!"

திரும்பினான். அக்கா ஒவ்வொரு விரலாகத் தட்டினாள். பாதுகாப்பில்லை, உள்ளே போகாதே என்று புதுக் கம்ப்யூட்டர் எச்சரித்தது. "போடா," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். ஃபைலைத் தேடிப் பிடித்து அமுக்கியதும் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது. நாலு சதவீதம். ஐந்து.

பெருசுக்குள் டிஸ்க் கறகறவென்று தேய்ந்தது. மூணு பேருக்கும் கேட்டது, ஏனென்றால் வக்கீலம்மாவும் வந்து பின்னால் நின்றிருந்தார்.

"ரெண்டு பேரும் வெளிய இருங்களேன்," என்றாள் அக்கா. "வந்ததும் கூப்பிடுறேன்."

யாரும் நகரவில்லை. நாற்பது. நாற்பதிலேயே நின்றது. அக்காவின் கை தானாகப் போய்ப் பெட்டியைத் தொட்டுக்கொண்டது. "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்," என்றாள், கட்டிலில் கிடக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி. நாற்பத்தொன்று. அறுபது. தொண்ணூறு.

முடிந்தது.

தம்பி பாய்ந்து ஃபைலைத் திறந்தான். திரையில் வக்கீலம்மாவின் பல் வரிசை, மேலும் கீழும், ஒரு குறையுமில்லாமல் சுழன்றது. வக்கீலம்மா கைக்குட்டைக்குள் என்னவோ சத்தம் போட்டார். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். தம்பி அதைப் பிரிண்டருக்கு அனுப்பினான். மெஷின் ஹும் என்று கிளம்பியது.

"சரி, மூடிடு அதை," என்றாள் அக்கா அவசரமாக.

"இரு, மத்ததையும் இறக்கிடலாம்… இது என்ன, சிவப்பா?"

"ஒண்ணுமில்ல. மூடு."

"ரெண்டாவது டிஸ்க் செத்துப்போச்சுன்னு போட்டிருக்கு! மார்ச் மாசமே! அக்கா! மேல பாரு, இது என்ன… மார்ச் பதினொண்ணு, மதியம் ரெண்டேகால். எச்சரிக்கை மணி நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்…"

படிப்பதை நிறுத்தினான். பிறகு நிதானமாக, ருசித்துப் படித்தான்.

"நிறுத்தியவர், அக்கா."

அக்கா தூசி துடைக்கிற துணியைக் கையில் எடுத்து மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"படிக்காமல் எதையும் அமுக்காதே," என்றான் தம்பி. குரலில் முப்பது வருஷத்துச் சந்தோஷம். "பெட்டியைத் தொடாதே, காலண்டரைத் தொடாதே, திரும்பி நில்லு! ஆனாலும் உனக்கு இருக்கற கொழுப்பு… எட்டு மாசம்! அத்தனை பேர் வாயும் ஒத்தை டிஸ்க்குல தொங்குது, நீ மேல காலண்டர் மாட்டிட்டு மாசா மாசம் தாளைக் கிழிச்சிருக்க! பாருங்க வக்கீலம்மா, நீங்களே பாருங்க, இதுக்குப் பேரென்ன உங்க கோர்ட்டுல?"

வக்கீலம்மா குனிந்து பார்த்தார். காகிதம் எதுவானாலும் கடைசி வரி வரை பார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மவுஸை வாங்கி மெல்லக் கீழே இறக்கினார். மணி நின்ற வரிக்கு அடியில், மணி அடிக்க ஆரம்பித்த வரி இருந்தது. தேதி, நேரம் எல்லாம் இருந்தது. அதை ஒரு தடவை படித்தார். அக்காவைப் பார்த்தார். தம்பியின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார்.

அப்புறம் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். காற்றுதான் அதிகம் வந்தது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"எட்டாம் தேதி காலைலேருந்து பதினொண்ணாம் தேதி மதியம் வரைக்கும், தம்பி, உங்க தலைக்கு ரெண்டடி மேல அது விடாம அடிச்சிருக்கு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"