விரிப்பின் மறுமுனை

“மேனேஜர் சொன்னா, நீ என்கூடயும் பேச மாட்டியாம்மா?”

ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே வாய் நிறைய நுரையோடு மகள் கேட்டாள். “போடி, முதல்ல வாயைக் கொப்புளி” என்று அதட்டிவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள். கேள்வியோ அவளுக்கு முன்னால் பஸ் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவள் சூப்பர்வைசர். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. துவைப்பதும் உலர்த்துவதும் மெஷின் பாடு. ஆனால் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். அந்த நடையில்தான் வீட்டுக்கதை, மாமியார் கதை எல்லாம் கைமாறும்.

மேனேஜருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. மெஷினின் கண்ணாடிக் கதவில் தலைமுடியைச் சரிசெய்யாமல் ஒரு மெஷினையும் தாண்ட மாட்டார். தன் பெருமையைத் தானே பேசி முடித்துக் கைதட்டு வாங்குவதற்காகவே அடிக்கடி கூட்டம் போடுவார். அப்படி ஒரு கூட்டத்தில், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பெண் கொட்டாவி விட்டுவிட்டாள். கணவனுக்குக் காய்ச்சல், இரவெல்லாம் கண் மூடவில்லை, பாவம்.

மாப்பிள்ளை கத்தவில்லை. சிரித்தார்.

“இனிமே இவகூட யாரும் பேசக் கூடாது. மறுமுனையை யாரும் பிடிக்கக் கூடாது. வாரக் கடைசிக்குள்ள தன் பங்கைத் தனியா மடிச்சு முடிக்கலேன்னா வீட்டுக்குப் போகட்டும். சூப்பர்வைசரம்மா, நீங்கதான் பாத்துக்கணும்.”

அக்காவும் பார்த்துக்கொண்டாள். கொக்கு விரிப்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு கைகளை அகல விரிப்பாள். மறுமுனை தரையில் புரளும். அழுக்குப் பட்டால் திரும்பவும் துவைக்கப் போட வேண்டும். அவள் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை டீயோடு வந்து நிற்பார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. தொட்டி மீனை வேடிக்கை பார்க்கிற முகம்.

மகள் அப்படிக் கேட்ட அன்று, பஸ்ஸில் அக்காவுக்கு ஒன்று உறைத்தது. அந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்லாகவே இருக்கட்டும். அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே! பேசாமல் இருப்பவர்கள் நாங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் நாங்கள். கடவுளுக்குப் பயந்த, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத நாங்கள்.

சலவைக்கூடத்துக்குள் போனதும் கைப்பையைக்கூட வைக்கவில்லை. நேரே கொக்கிடம் நடந்தாள். தரையில் கிடந்த முனையை எடுத்தாள்.

“வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுதாடி?”

கொக்கு வாசல் பக்கம் பார்த்தாள். “வேண்டாம்க்கா. பாத்தா உங்களையும் அனுப்பிடுவாரு.”

“அனுப்பினா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவோம். நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது பாரு.”

மாப்பிள்ளை வந்துவிட்டார். “யார் சொல்லி இதைப் பண்றீங்க?”

“யாரும் சொல்லல சார். நானேதான்.”

அந்தச் சொல் அவளுக்கே புதிதாக, வாய்க்கு இனிப்பாக இருந்தது.

“சரி. இனிமே இவங்க ரெண்டு பேர்கூடவும் யாரும் பேசக் கூடாது!”

மூலையிலிருந்து இஸ்திரிக்காரர் குரல் கொடுத்தார். “என்னையும் சேத்துக்குங்க சார். வீட்டுல பொண்டாட்டியே என்கூடப் பேசுறதில்ல. எனக்குப் பழகிப் போச்சு.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு பீறிட்டது. பிறகு கூடமே சிரித்தது. ஒருத்தி கொக்கின் குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். இன்னொருத்தி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. உதறிய விரிப்புகள் பட்டாசு போலப் படபடத்தன.

“எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிடுவேன்!”

“தூக்குங்க சார். அதுக்கு முன்னாடி இந்த மூட்டைக்கு ஒரு கை குடுங்க, ஆஸ்பத்திரி வண்டி வந்துருச்சு” என்றாள் அக்கா.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குனிகிற தலை ஒன்று போதும் அவருக்கு. அந்த ஒன்று கிடைக்கவில்லை. எந்தக் கண்ணாடியிலும் முகம் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாரக் கடைசியும் வந்து போனது. வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுப் போனவர் அவர்தான். கொக்கு போகவில்லை.

எல்லோரும் அக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அதற்கு முந்தைய நாட்கள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தன. அந்த நாட்களில் அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தானே?

ஒரு காலை, யாரும் வருமுன் வந்து பூட்டைத் திறந்தாள். கொக்கின் பங்குக் குவியலை எடுத்துவைத்துக்கொண்டு அவள் அன்று மடித்ததுபோலவே, மோவாயில் இடுக்கி ஒற்றையாளாய் மடிக்கத் தொடங்கினாள். கழுத்து இழுத்தது, தோள் கடுத்தது. கடைசி விரிப்பையும் நீவி, கொக்கின் அலமாரியில் அடுக்கினாள். கதவைப் பூட்டிவிட்டு, மற்றவர்களோடு அப்போதுதான் வருவதுபோல வரலாம் என்று பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.