ஒரிஜினல் தன் வண்டியில் செய்த ஒரே மாற்றம்

பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் ஒன்றுகூடிவிட்டால் போதும், அந்த வண்டியைச் செய்தவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று பத்து நிமிடத்தில் தீர்ப்பாகிவிடும். டயர்க்கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. “உன் வண்டில ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எத மாத்துவே?” என்று யாராவது கொளுத்திப் போடுவார்கள். டயர்க்கடைக்காரருக்குத் தோள்பட்டை வலி, அதனால் பவர் ஸ்டீயரிங் வேண்டும். அவருடைய மைத்துனனுக்குக் கனத்த உடம்பு, சும்மா உட்கார்ந்தாலே வேர்க்கும், அவனுக்கு ஏசி. பல் டாக்டருக்கு டீ டம்ளர் வைக்க ஒரு இடம். “மலை ஏறுற வண்டிய யோசிச்சு செஞ்சவன், மேல போனதும் மனுஷன் ஒரு டீ குடிப்பான்னு யோசிக்கலையேய்யா!” என்பார், வாரம் தவறாமல், ஏதோ அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது போல.

இந்தப் பேச்சில் சேராத ஆள் ஒருவர் உண்டு. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். துறை கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, முப்பத்தோரு வருஷமாக ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தபோது, அதே வருஷத்துக் கண்ணாடி கிடைக்கிற வரை எட்டு மாதம் கண்ணாடி இல்லாமலே ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் அவருக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்த ஒரிஜினல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உட்காரக்கூட இல்லை, “வண்டில சத்தத்தக் குறைக்கணும்” என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். “சத்தத்த எடுத்துட்டா அப்புறம் அதுல என்னண்ணே மிச்சம்? வெறும் தகரம்தான்” என்றான் மைத்துனன். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த வண்டி பெரிய ரோட்டில் வரும்போதே இங்கே தெருவில் நாய்கள் எழுந்து நிற்கும். மூன்றாவது கியரில் அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அவர் மனைவி ஏதாவது சொல்வாள். அவர் “என்னது?” என்பார். இன்னொரு தடவை சொல்வாள். மறுபடியும் “என்னது?” என்பார். “ஒண்ணுமில்ல, ரோட்டப் பாருங்க” என்று கையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முப்பத்தோரு வருஷமும் இப்படியே ஓடியிருந்தது.

“அவளுக்குத் தொண்டைல ஆபரேஷன்” என்றார் ஒரிஜினல். “அடுத்த வாரம் வியாழக்கிழமை. குரல்வளைய மொத்தமா எடுக்கணுமாம். எடுத்தாத்தான் உயிரு நிக்கும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் பேச்சு இல்ல.”

பல் டாக்டர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரே அதட்டலில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்த குரல், ஆறு மாதமாகக் கரகரத்துக்கொண்டே வந்து, இப்போது சாக்கை இழுத்துக்கொண்டு போவது போல ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்: “அணைக்கு மேல இருக்கிற மேட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வரலாங்க. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.”

“அந்த வண்டில என்னத்தப் பேசுறது? ஒண்ணும் கேக்காதே.”

“மேல போய் இறங்கிப் பேசலாம். இல்லையா, இங்கயே உக்காருங்க. இப்பவே பேசலாம்.”

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், ஆறு மணி நேரமும் அவள் பேசிக்கொண்டே வருவாள், ஒரு சொல்கூடத் தவறாமல் நான் கேட்பேன் என்று மனுஷன் கணக்குப் போட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்க அவருக்குப் பயம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பதென்றால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அழுதாலும் அவளுக்குத் தெரியாது.

“நாலு நாள்ல முடிச்சிடலாம். வெள்ளிக்கிழமை அண்ணிய ஏத்திக்கிட்டுக் கெளம்புறீங்க” என்றார் டயர்க்கடைக்காரர்.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரிஜினல் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். பல் டாக்டர் பாதி நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தார். சீட்டுகளைக் கழற்றினார்கள், தரையைச் சுரண்டினார்கள், அதன் மேல் தார் ஷீட் ஒட்டி, ஷீட்டின் மேல் பசை தடவி, சத்தத்தை உறிஞ்சுகிற தடித்த ஃபெல்ட் துணியை ஒட்ட ஆரம்பித்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஜீப்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு இடத்தைத் திறந்தால் பக்கத்தில் இருப்பதையும் திறக்காமல் இருக்க மாட்டார்கள். “தரையத் தொறந்தாச்சு, கியர் பாக்ஸையும் இறக்கிடுவோம். கத்துறதே அந்த பேரிங்குதான்” என்றார் டயர்க்கடைக்காரர். கியர் பாக்ஸ் இறங்கியதும் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கண்ணில் பட்டது, வெடிப்பு விட்டிருந்தது. அதையும் கழற்றினார்கள். கதவு இடுக்கை அடைக்க ரப்பர் பீடிங் வைக்கப் போய், கதவே கோணல் என்று தெரிந்தது. பல் டாக்டர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, இடது பக்கச் சீட்டுக்கு முன்னால் டம்ளர் வைக்க ஒரு வளையம் பொருத்திக்கொண்டிருந்தார். “எனக்கில்லய்யா. அவங்களுக்கு வெந்நீர் வைக்க” என்றார், யாரும் கேட்காமலே.

வெள்ளிக்கிழமை வந்தது, வண்டி கிளம்பவில்லை. பாதி வண்டி தரையில் கிடந்தது.

அவள் தினமும் கொட்டகை வாசலுக்கு வருவாள். டீ கொண்டுவருகிற சாக்கில் வந்து, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்காருவாள்.

“என்னங்க, கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காருங்களேன்.”

“இதோ, இந்த ஒரு பக்கத்த ஒட்டிட்டு வந்துடறேன். பசை காஞ்சிடும்.”

“என் தொண்டையும்தான் காயுது.”

மைத்துனன் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரிஜினல் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, “எல்லாம் உனக்காகத்தாம்மா” என்றார். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியூரில் இருக்கிற மகள் போனில் சொன்னாள்: “அப்பா, அம்மா குரல போன்ல பதிஞ்சு வைங்கப்பா. தினம் கொஞ்சம்.”

“வண்டி ரெடியாகட்டும்மா. போறப்ப வழிநெடுக பதிஞ்சுடலாம்.”

“வண்டிய விடுங்கப்பா!” என்று அவள் கத்தினாள். ரோஷம் வந்துவிட்டது இவருக்கு. அந்த வண்டியில் என்ன வேலை நடக்கிறதென்று அவளுக்கு என்ன தெரியும்?

மறு திங்கட்கிழமை, வாங்கி வந்த பேரிங் அளவு சரியில்லை என்று மாற்ற ஆள் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெரிய டாக்டர் புதன்கிழமையிலிருந்து வெளியூர் போகிறார். ஆபரேஷன் நாளைக் காலையிலேயே. இன்றைக்கே வந்து சேர்ந்துவிடுங்கள்.

ஒரிஜினலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கியர் பாக்ஸ் சாக்கின் மேல் கிடந்தது. வாடகைக் கார் பிடித்தார்கள். புதுக் கார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, பொட்டுச் சத்தம் இல்லை. டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக அவர் கை மேல் கையை வைத்து, “என்னங்க” என்றாள்.

அட, அப்போதாவது அந்த வாயை மூடியிருக்கக் கூடாதா? “பேரிங்கு புதன்கிழமை வந்துடும்மா” என்று ஆரம்பித்தார். பேரிங்கிலிருந்து ரப்பருக்குப் போனார், ரப்பரிலிருந்து கதவுக்குப் போனார். நீ திரும்பி வரும்போது வண்டி எப்படி இருக்கும் பார் என்றார். நாற்பது நிமிடமும் அவரே பேசினார். நிறுத்தினால் அவள் பேசுவாள், அவள் பேசினால் தான் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது அவள் “சரி” என்றாள், அவ்வளவுதான். ராத்திரி பெண்கள் வார்டில் அவரைத் தங்க விடவில்லை.

காலையில் ஏதோ தாளில் கையெழுத்து வேண்டுமென்று அவரைக் கீழே கூப்பிட்டார்கள். நாலு இடத்தில் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தால், அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கதவருகே நின்ற நர்ஸிடம், “உள்ள போறப்ப ஏதாவது சொன்னாளாம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் நல்ல பெண், பொய் சொல்ல மனம் வரவில்லை. “பேரு கேட்டோம், சொன்னாங்க. கட்டுப்பல்லு இருக்கான்னு கேட்டோம், இல்லன்னாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

முன்பின் தெரியாத ஒருத்தியிடம், பல்லைப் பற்றி, ‘இல்லை’ என்று. அந்தக் குரல் கடைசியாகச் சொன்னது அதுதான். ஒரிஜினல் அங்கிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதார்.

அவள் பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. பிறகு ஒரு கருவி வைத்துப் பேசப் பழக்கலாம், ஆனால் அது வேறு குரலாக இருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், நோட்டையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்து, “அன்னிக்குப் பேசணும்னு சொன்னியே, அது என்ன? எழுதேன்” என்று கேட்டார். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். ‘அது எழுதுற விஷயம் இல்லீங்க’ என்று எழுதினாள். அதற்குக் கீழேயே, ‘துவைக்கிற சோப்பு தீந்துபோச்சு.’

வண்டியை மூன்று பேரும் சேர்ந்து முடித்திருந்தார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நம்ம மூச்சு நமக்கே கேக்குதுண்ணே!” என்று மைத்துனன் குதித்தான். இரண்டு மாதம் கழித்து டாக்டர் சரியென்றதும், தூசி போகாமல் கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். ஏன் போகிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. போகலாம் என்று சொல்லியாகிவிட்டது, போனார்கள்.

வண்டி அருமையாக ஓடியது. மூன்றாவது கியரில் ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். அந்த அமைதியில் அவளுடைய கழுத்துத் துளையில் மூச்சு போய்வருவது கேட்டது. பள்ளத்தில் இறங்கும்போது அது விசில் போல ஒலித்தது. அவர் ஏதாவது பேசிப் பார்த்தார். “பாலத்துக்கு வெள்ளையடிச்சிருக்காங்க போல” என்றார். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்கு இடம் விட்டார். இன்னொன்று சொன்னார், அதற்கும் இடம் விட்டார். அந்த இடங்கள் அப்படியே காலியாகக் கிடந்தன. கதவுக்கு ரப்பர் வைத்தாயிற்றே, வெளியிலிருந்து ஒரு காக்கைச் சத்தம்கூட வந்து அதை நிரப்பவில்லை.

அணைக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது அவள் அவர் தோளைத் தட்டி நோட்டை நீட்டினாள். வண்டியை ஓரம் கட்டிப் படித்தார்.

‘பழைய சத்தத்த திருப்பி வைக்க முடியுமா? அந்தச் சத்தத்துல நான் பேசாம வர்றது தெரியாது.’

இரண்டு தடவை படித்தார். பிறகு இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து, தரையில் ஒட்டியிருந்த ஃபெல்ட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். வரவில்லை. ஸ்பேனரை விட்டு நெம்பினார். நல்ல பசை, ஒன்றுக்கு இரண்டாகத் தடவியிருந்தார்கள் பாவிகள். விரல் அகலத்துக்குக் கிழிந்து கிழிந்துதான் வந்தது. அவளும் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டோரத்தில், வெயிலில், இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

“ஒட்டிட்டு வந்துடறேன்னு சொன்னேனே” என்றார் ஒரிஜினல், அவள் முகத்தைப் பார்க்காமல். “நீ கூப்பிட்டப்பவே எல்லாத்தையும் போட்டுட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்திருக்கணும்மா.”

இரண்டு கையாலும் ஃபெல்ட்டைப் பிடித்திருந்ததால் அவளால் எழுத முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.