நீல மூடி

...சொன்னால் யார் கேட்கிறார்கள், இரண்டு விரல், மெதுவாக, தண்ணீரை விட்டு வெளியே தூக்காதே, காலையிலிருந்து இதையே கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது, கடைசிப் பள்ளியும் பேருந்து ஏறிப் போயாயிற்று, இனி இந்தத் தொட்டியைக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, வீட்டில் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போம்மா குளிச்சிட்டு வா என்கிறாள்... கடலைத் தொட்டுப் படிக்கலாம் என்று இந்தக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள், சரிதான், தொட்டால்தான் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறும், நானும் அதை நம்பித்தான் வந்தேன், இப்போதும் நம்புகிறேன், ஆனால் தொடப்படுகிற இந்த உயிர்கள்? அதற்காகத்தானே நானே அந்த விதியைப் போட்டேன், ஒருநாள் பிள்ளைகள் கையில் என்றால் மறுநாள் பின்னறைத் தொட்டியில் ஓய்வு, நீல மூடி போட்டிருந்தால் லீவு, யாரும் எடுக்கக் கூடாது. தண்ணீர் மாற்றும் அண்ணன்கூடச் சிரிப்பார், "இதுங்களுக்கு இருக்கிற கொடுப்பினை நமக்கு இல்லையே டீச்சர்."

இன்று அந்த மூடியைத் திறந்தது யார்? நான்தான், வேறு யார்... மதியம் இயக்குநர் தலையை நீட்டி, "இன்னொரு ஸ்கூல் வந்துட்டாங்கம்மா, சமாளிச்சிடலாம்ல?" என்றார், சமாளிச்சிடலாம் சார் என்று வாய் தானாகச் சொன்னது. தொட்டியில் இருந்தவை துவண்டு கிடந்தன, அதனால் லீவில் இருந்த கடல் அட்டையை, பெரியப்பா என்று நாங்கள் கூப்பிடும் அந்தத் தடித்த கறுப்பு உருளையை, தூக்கி வந்து வைத்தேன். நேற்று முழுக்கக் கை பட்ட உடம்பு. நாலைந்து பிள்ளைகள் தொட்டதுமே இறுகிப்போனது, அந்த இறுக்கம் எனக்குத் தெரியும், போதும் என்று அர்த்தம், தெரிந்தும் இன்னும் ஒரு வரிசைதானே என்று விட்டேன், அது தன் குடலையே வெளியே தள்ளிவிட்டது. பிள்ளைகள் வீலென்று அலற, நான் அசரவே இல்லை, பயப்படாதீங்க, ஆபத்து வந்தா இது இப்படித்தான் செய்யும், மறுபடி உள்ளே எல்லாம் வளர்ந்துடும்... என்ன கணீர்க் குரல், பாடம் நடத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா, சீ. தொடவே மாட்டேன் என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு சிறுமி மட்டும், "தொடலாமான்னு அதுக்கிட்ட கேட்டீங்களா மிஸ்?" என்றாள். கேட்டா அது எப்படிம்மா பதில் சொல்லும் என்றேன். "இப்ப சொல்லிடுச்சே." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பெரியப்பாவைத் தனியாகப் புதுத் தண்ணீரில் விட்டிருக்கிறேன், அசைவில்லை, வளர்ந்துவிடும் என்று வாய் கிழியச் சொன்னேனே, ஏற்கனவே களைத்துப்போன உடம்பிலும் வளருமா? பிழைச்சிடு சாமி, இனிமேல் உன்னைத் தொடவே விடமாட்டேன்... அப்படி என்னால் சத்தியம் செய்ய முடியுமா? நீல மூடியைப் போடுகிறேன். பையில் கைபேசி அதிர்கிறது, இயக்குநர்தான், நாளைக்கும் ஒரு ஸ்கூல் கூடுதலா வருது, ஓகேதானேம்மா? ஈரக் கட்டைவிரல் ஓகே சார் என்று அடித்தும்விட்டது, அனுப்பத்தான் மனசு வரவில்லை. என்னை யார் கேட்டார்கள், என்னை யார் கேட்டார்கள் என்று இத்தனை வருஷம் வீட்டுக்காரரிடம் புலம்பியிருக்கிறேன், பாவம், மனிதருக்குக் காது புளித்திருக்கும்... இயக்குநரின் பழைய செய்திகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்க்கிறேன், முடியுமாம்மா, சமாளிச்சிடலாம்ல, ஓகேதானே, எல்லாவற்றின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.