கம்பத்தைத் தொட வேண்டாம்

தன்னை ரோபோ என்று முடிவுகட்டி நீக்கிவிட்டார்கள் என்பது ஹில்டாவுக்குப் புரியவே கால் மணி நேரம் பிடித்தது.

‘மாடித்தோட்ட நண்பர்கள்’ என்ற இணைய மன்றத்தில் அவள் மூன்று வருஷ உறுப்பினர். குரோம்பேட்டையில் பள்ளி அலுவலக வேலைக்குக் கிளம்புமுன், தினமும் காலை ஆறேகாலுக்கு, யார் செடிக்கு என்ன கேடு என்று பார்த்துப் பதில் போடுவாள். மதுராந்தகத்துப் பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய அதே முறைதான்: இடம், தேதி, வணக்கம், எண் போட்ட மூன்று குறிப்பு, நன்றி. அதுவே வினையாயிற்று. மன்றத்தை நடத்தும் கிரீஷ், விளம்பரம் கொட்டும் ‘பாட்’ எனும் ரோபோ கணக்குகளின் தொல்லை தாங்காமல் அவற்றைப் பிடிக்க ஒரு பொறி வைத்தார். தினமும் ஒரே நேரம், ஒரே அமைப்பு, பிழையில்லாத எழுத்து என்று பார்த்து, முதல் வேலையாக அது ஹில்டாவைப் பிடித்துக்கொண்டது.

“ஐயோ, ஹில்டா அக்கா ரோபோவா? பர்த்டே விஷ் எல்லாம் பண்ணேனே!” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“எனக்கு அப்பவே டவுட். மனுஷங்க இவ்ளோ மரியாதையா பேசுவாங்களா?” என்றார் இன்னொருவர்.

அவள் கணவர் எலியேசர் விழுந்து விழுந்து சிரித்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டர்லயும் நம்பர் போட்டிருந்தே. அப்பவே உஷாராயிருக்கணும்.”

எழுதத்தான் தடை, படிக்கத் தடையில்லை. பக்கத்தின் அடியில் ‘உறுப்பினர்கள் 4, விருந்தினர்கள் 211’ என்று காட்டியது. அந்த இருநூற்றுப் பதினொன்றில் தானும் ஒருத்தி என்று நினைத்தபடி படித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் பதறிப்போனாள். ஆட்டோ ஓட்டும் தயாளன் என்பவர், எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சளாகிறது, உப்பு போடலாமா என்று கேட்டிருந்தார். ‘ரோஸ்2291’ பதில் சொல்லியிருந்தது: “அருமையான கேள்வி! இரண்டு கைப்பிடி கல்லுப்பு போடுங்கள்! மலிவு விலைக் கைக்கடிகாரங்களுக்கு இங்கே தொடவும்!”

“டேங்க்ஸ் மேடம். வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தைக்கு நம்ம குரூப் வருதுல்ல, நானும் வந்துட்டு, சாயந்திரம் போட்டுர்றேன்” என்று தயாளன் எழுதியிருந்தார்.

“செத்துப்போயிடுமே!” என்று ஹில்டா வாய்விட்டே சொன்னாள்.

மறுபடி உறுப்பினராகச் சேரப் பார்த்தாள். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு படத்தைக் காட்டி, டிராபிக் சிக்னல் தெரியும் கட்டங்களைத் தொட்டு, மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. கம்பம் இல்லாமல் சிக்னல் எப்படி நிற்கும்? கம்பம் தெரிந்த கட்டங்களையும் ஒன்றுவிடாமல் தொட்டாள். தவறு என்றது. ஆறு தடவை தொட்டாள். ஆறு தடவையும் தவறு.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனாள். செடி விற்பவர்களின் வரிசையில், கையில் விதைப் பொட்டலங்களோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“நான்தான் கிரீஷ். நீங்க மெம்பரா மேடம்?”

“இல்ல சார். ரோபோ.”

கிரீஷ் விழித்தார். அவள் அவரைத் தாண்டிப் பார்த்து, “இங்க தயாளன் யாருங்க?” என்றாள்.

“நான்தாங்க்கா. இன்னா விசயம்?”

“உப்பு போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்லக்கா. வாங்கி வண்டியில வெச்சுகீறேன்.”

ஹில்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “செடி எதுல வெச்சிருக்கீங்க? அடியில ஓட்டை இருக்கா?”

“பெயின்ட் டப்பால கீது. ஓட்டையெல்லாம் இல்ல.”

“அதான் வேர்ல தண்ணி தேங்குது. ஒண்ணு, அடியில நாலு ஓட்டை போடுங்க. ரெண்டு, மண்ணு காயறவரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. மூணு, உப்பைச் சமையலுக்கு வெச்சுக்குங்க. நன்றி.”

அந்த ‘நன்றி’யைக் கேட்டதும், “ஹில்டா அக்காடா!” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. கிரீஷ் காதைப் பிடித்துக்கொண்டார். “சாரிக்கா. இங்கயே, இப்பவே சேர்த்துடறேன்.” சிக்னல் படத்தில் அவள் எங்கே தவறினாள் என்றும் சொல்லிக்கொடுத்தார். அதே கையோடு ரோஸ்2291ஐயும் வெளியே தள்ளினார்.

மறுநாள் ஆறேகாலுக்கு ஹில்டா எழுதினாள்:

“அஸ்தினாபுரம், சனிக்கிழமை. வெளியே நிற்கும் விருந்தினர்களுக்கு வணக்கம். உங்களில் பாட் அல்லாத மனிதர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். 1. உள்ளே வாருங்கள். 2. சிக்னல் படம் வந்தால் விளக்கை மட்டும் தொடுங்கள், கம்பத்தைத் தொட வேண்டாம். 3. உங்கள் செடி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நன்றி.”

மாலைக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ஹேமாவதி.

“அக்கா, ஒரு வருஷமா வெளியவே நின்னு உங்களைப் படிச்சிட்டிருந்தேன். நானும் கம்பத்தைத்தான் தொட்டுட்டிருந்தேன்!”