ஒன்பதாம் இடத்துச் சீட்டு

நாளை மறுநாள் நான் லண்டனுக்குப் போகிறேன், நாடாளுமன்றத்தில் உட்கார. முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை. "குலுக்கலில் பொய் சொல்லாத மனுஷன் லூக் ஜாப்ளிங்" என்று டர்ஹாம் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது? என்னைத்தான்.

எங்கள் சுரங்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி, தொப்பிக்குள் போட்டுக் குலுக்குவோம். மேலாளர் இடத்தின் எண்ணைச் சொல்வார். சீட்டில் வருகிறவன் அங்கே கரி வெட்ட வேண்டும். நல்ல இடமோ, தண்ணீர் ஒழுகும் இடமோ, மறுபேச்சு கிடையாது. மேலாளருக்கு வேண்டியவனுக்கே நல்ல இடம் என்ற அநியாயம் அதனால்தான் ஒழிந்தது. எழுத்து தெரிந்தவன் என்பதால் சீட்டை எடுத்துப் படிப்பது என் வேலை.

பல வருடங்களுக்கு முன் ஒரு குலுக்கலில் மேலாளர் "ஒன்பது" என்றார். கூரை உதிர்ந்துகொண்டிருந்த இடம் அது. சீட்டைப் பிரித்தேன். லூக் ஜாப்ளிங். என் மனைவி அப்போது நிறைமாதம். பக்கத்தில் நின்ற கத்பர்ட் ஸ்டோபர்ட்டின் முகம் கண்ணில் பட்டது. அவன் பெயரை வாசித்துவிட்டேன். பிறகு அவன் சீட்டு வந்தபோது என் பெயரைச் சொன்னேன். பாவி! அவனுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம்.

பதினோராம் நாள் கூரை இறங்கியது. கத்பர்ட்டைப் பலகையில் கிடத்தித்தான் மேலே கொண்டுவந்தோம்.

இன்று ஜெபக்கூடத்தில் எனக்குப் பாராட்டு விழா. மேடையில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்ற முடிவோடு வந்தேன். ஆனால் கத்பர்ட்டின் மனைவியிடம் முதலில் சொல்ல வேண்டாமா? வாசலிலேயே அவளை நிறுத்தினேன்.

"மெக், அந்த ஒன்பதாம் நம்பர் சீட்டு..."

"உன் பேருதானே? தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கு மூணு வாரம் வந்தானே, மறந்துட்டியா? நீதானே சொல்லிக்குடுத்தே! அவனுக்குப் படிக்கத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அவன் பேரு. அந்தச் சீட்டுல அது இல்லை, நீ உன் பேரை வாசிச்ச சீட்டுலதான் இருந்துச்சுன்னு அன்னிக்கே வந்து சொன்னான்."

"தெரிஞ்சுமா போனான்?"

"நானும் அதையே கேட்டுக் கத்தினேன். 'குலுக்கல்ல தில்லுமுல்லுன்னு வெளிய வந்தா, மேலாளர் நாளைக்கே தொப்பியைத் தூக்கிடுவான்டி. மூணு மாசந்தானே, தள்ளிடலாம்'னான். பதினோரு நாள் தள்ளினான்."

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், மெக்."

"சொல்லிட்டு? உனக்கு மனசு லேசாயிடும். இந்தப் பசங்க அப்புறம் எந்தச் சீட்டை நம்புவாங்க? உன் பாரத்தை இறக்கி வைக்க என் புருஷன் உசிரு என்ன சுமைதாங்கியா? வாயை மூடிக்கிட்டு லண்டன் போய்ச் சேருடா. அவன் காப்பாத்தினதை நீ கெடுக்காதே."

"அப்ப என்னை மன்னிச்சுட்டியா?"

"அதை யாரு சொன்னா?"

விறுவிறுவென்று உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடை ஏறினேன். தலைமை தாங்கியவர் எழுந்து, "குலுக்கலில் ஒரு நாளும் பொய் சொல்லாத நம்ம லூக்" என்று ஆரம்பித்தார். முதலில் கைதட்டியது மெக்தான். நான் எழுந்து தலை வணங்கும்வரை அவள் நிறுத்தவே இல்லை.