ஒன்றேகால் லட்சம் பேர்

பதிண்டாவிலிருந்து வரும் காலை பாசஞ்சரில் கோட்லி ஜண்டில் இறங்கியது நிஹால் கவுர் ஒருத்திதான். தோள்பையில் ஒரு மாற்று சல்வார், மருமகள் சுருட்டிக் கொடுத்த இரண்டு பராட்டா, துணியில் சுற்றிய ஒரு ஸ்டீல் டம்ளர். டம்ளரின் விளிம்பில் ஒடுக்கு விழுந்திருந்தது. அடியில் புள்ளி புள்ளியாக ஊர்ப்பெயர் பொறித்திருந்தது.

அதே ஊர்ப்பெயர் பொறித்த நூற்று இருபத்துநாலு டம்ளர்கள் ஸ்டேஷனின் பழைய விளக்கறையில் சாக்குக்குள் கிடந்தன. இது நூற்று இருபத்தைந்தாவது. மார்கழியில் அவள் கணவர் அஜாயிப் சிங் பதிண்டா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேறு எதிலும் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வரவழைத்தது. கடைசி வாய்த் தண்ணீர் அவருக்கு இதில்தான் போனது. ஆறு மாதமாக மகன் வீட்டு அலமாரியில் இருந்ததை இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்று சீக்கியர்களின் ஐந்தாம் குருவைக் கொதிக்கும் இரும்புத் தகட்டில் உட்கார வைத்து வதைத்த நாள். பஞ்சாப் முழுக்க வழிப்போக்கர்களை மறித்து மறித்துக் குளிர்ந்த பால் சர்பத் கொடுக்கும் நாள்.

கோட்லி ஜண்டில் அந்தத் தண்ணீர்ப் பந்தல் ஸ்டேஷனில்தான். முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஆரம்பித்தவர் அஜாயிப் சிங், அப்போது லெவல் கிராசிங்கில் கேட்மேன். சுற்றி எட்டு ஊரில் நிலத்தடித் தண்ணீர் உப்புக் கரிக்கும்போது இந்த ஸ்டேஷன் பம்பில் மட்டும் இளநீர் மாதிரி வரும். கரி என்ஜின் காலத்தில் டிரைவர்கள் இங்கே வந்துதான் கூஜாவை நிரப்புவார்கள். "பன்னெண்டு பத்து அம்பாலா வண்டியில ஒரு ஜன்னல்கூட வறண்டு போகக் கூடாது" என்பார் அவர். போனதும் இல்லை.

பெஞ்சில் தர்பாரா சிங் உட்கார்ந்திருந்தார். மாவு மில்காரர், அஜாயிப்பின் கூட்டாளி. தாடியில் எந்நேரமும் கோதுமை மாவு படிந்திருக்கும்.

"வாங்க அண்ணி. படை எத்தனை?"

"ஒன்னேகால் லட்சம்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அது அஜாயிப்பின் பேச்சு. அவருடைய தாய்மாமன் நீல உடை அணிந்து வாளோடு திரியும் நிஹாங் என்ற சீக்கியப் போர்வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு மிடுக்கான பாஷை உண்டு. கொண்டைக்கடலை தின்றால் பாதாம் தின்றதாகச் சொல்வார்கள். வெங்காயம் வெள்ளி. ஒற்றை ஆள் போய் நின்றால் ஒன்றேகால் லட்சம் பேர் போய் நின்றதாகக் கணக்கு. மாமனிடமிருந்து அது மருமகனுக்குத் தொற்றியது. பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன்னந்தனியாக கேட்டுக்குக் கிளம்பும்போதும், "ஒன்னேகால் லட்சம் புறப்படுது, ரொட்டி கட்டு" என்றுதான் சொல்வார்.

தர்பாரா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு விஷயம், அண்ணி. வண்டி இப்ப ரெண்டு நிமிஷம் நிக்கிறதில்ல. ஒரே நிமிஷம். சித்திரையிலிருந்து."

அவள் பையைக் கீழே வைத்தாள். முதல் நிமிடம் கொடுப்பதற்கு, இரண்டாவது நிமிடம் டம்ளரைத் திரும்ப வாங்குவதற்கு. முப்பத்தோரு வருடமாக அதுதான் முறை.

"அதனால பசங்க ஹைவேயில போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. தூக்கிப் போடுற கப்பு, பாட்டுக்கு ஸ்பீக்கர்."

சொல்லும்போதே லக்கி டிராக்டரில் வந்து இறங்கினான். அண்டை வீட்டுக்காரரின் மகன், முப்பது வயது, ஊர் இளைஞர்களின் தலைவன். சர்பத் கலக்கும் பெரிய டிரம்மை எடுத்துப் போக வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டான்.

"பெரியம்மா, நீங்களும் வந்து ஏறுங்க. அங்க நிழலுக்குச் சாமியானா போட்டிருக்கு."

"ஹைவேயில போறவன் காரை நிறுத்தி எங்க வேணா குடிச்சுக்குவான்டா. வண்டிக்குள்ள உக்காந்திருக்கிறவன் எங்க இறங்கிக் குடிப்பான்?"

"ஒரு நிமிஷத்துல நடக்காது பெரியம்மா. பெரியப்பா இருந்தாலே நடக்காது."

"டிரம்மை வெச்சுட்டுப் போ."

"டம்ளரெல்லாம் வண்டியோட போயிடும்."

"போகட்டும். டிரம்மை வெச்சுட்டுப் போ."

லக்கி தர்பாராவைப் பார்த்தான். தர்பாரா வேப்பமரத்தைப் பார்த்தார். டிரம் அங்கேயே இருந்தது. லக்கி போகாமல் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, இந்த அம்மாள் என்னதான் செய்யப்போகிறாள் என்று நின்றான்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில்தான் போனுக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். நிஹால் கவுர் அங்கே நின்று பாகாவுக்குப் போட்டாள். பாகா அடுத்த ஸ்டேஷன், ஒன்பது கிலோமீட்டர். அஜாயிப்பின் தங்கை ஷிந்தோ அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எதிர் வண்டிக்கு வழிவிட அம்பாலா பாசஞ்சர் அங்கே எட்டு நிமிடம் நிற்கும். காதில் வைத்தால் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷிந்தோ, நாங்க இங்க கொடுத்து விடுறோம். நீ அடையாளத்துக்கு நீலத் துப்பட்டா போட்டுக்கிட்டு, அங்க ஜன்னல் ஜன்னலாப் போய் டம்ளரை வாங்கிச் சாக்குல போடணும்."

"ஏன் அண்ணி, எட்டு நிமிஷம் நிக்கிற எங்க ஊர்லயே கொடுத்துட வேண்டியதுதானே?"

"உங்க ஊர்த் தண்ணியையா? குருவோட பேரைச் சொல்லி உப்புக் கரைசலா கொடுக்கிறது?"

"எங்கண்ணனைக் கட்டிக்கிட்டு வந்து நாப்பது வருஷம் ஆகியும் வாய் மட்டும் குறையல உங்களுக்கு."

"உன்கிட்டதானே கத்துக்கிட்டேன். எத்தனை பேர் இருப்பீங்க?"

ஷிந்தோ தன் அண்ணனின் அதே குரலில் முழங்கினாள். "பாகா ஸ்டேஷன்ல ஒன்னேகால் லட்சம் பேர் தயாரா நிப்பாங்க. வண்டி வரட்டும்!"

நிஹால் கவுர் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். உள்ளே நாற்காலி கிரீச்சிட்டதை அவள் கவனிக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் சுபோத் மஹதோ ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஞ்சாபி புரியும், ஆனால் வார்த்தைக்கு வார்த்தைதான் புரியும். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"அம்மா, கவலைப்படாதீங்க. கன்ட்ரோலுக்குச் சொல்லிட்டேன். பாகா பிளாட்பாரத்துல கூட்டம் அதிகம்னு தெரியவந்திருக்கு. லைன் கிளியர் ஆகிற வரைக்கும் வண்டியை இங்கயே பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க."

"என்ன கூட்டம்?"

"நீங்கதானே பேசினீங்க. ஒன்னேகால் லட்சம் பேர்."

தர்பாரா டர்பன் அவிழும் அளவுக்குச் சிரித்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், அந்த ஊர்ல ஆடு மாடு, கோழி எல்லாம் சேத்தாலும் ரெண்டாயிரம் தேறாது சார்!"

"அப்போ யார் நிக்கிறாங்க?"

"இவங்க நாத்தனார். ஒரே ஒரு ஆள்."

மஹதோ முகம் செத்துவிட்டது. தர்பாரா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். அவர் கண் மின்னியது. "இருங்க, இருங்க. பத்து நிமிஷம்! அண்ணி, பத்து நிமிஷம் கிடைச்சிருக்கு! ஆற அமரக் கொடுக்கலாம், ஆளுக்கு ரெண்டு டம்ளர் கொடுக்கலாம். சார், நீங்க ஒண்ணும் கேக்கல, நாங்க ஒண்ணும் சொல்லல."

சக்கரத்தில் சாய்ந்திருந்த லக்கியும் நிமிர்ந்தான். "குருவே பார்த்துக் கொடுத்தது பெரியம்மா."

நிஹால் கவுருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் இருந்தால் ஒரு ஜன்னல்கூட விடாது. ஒரு டம்ளர்கூடத் தொலையாது. ஒடுக்கு விழுந்த அந்த டம்ளரும் மாலையில் அவள் பைக்கே திரும்பிவிடும். பைக்குள் கைவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"போனைப் போட்டுத் தப்புன்னு சொல்லிடுங்க, சார்" என்றாள்.

"அண்ணி!"

"இருபத்தாறு வருஷம் கேட் போட்டாரு உங்க சிநேகிதர். பெத்த தாய் செத்த அன்னைக்கும் அவரால ஒரு வண்டி அரை நிமிஷம் தாமசமானதில்ல. அவர் பேர்ல கொடுக்கிற தண்ணிக்கு, பொய் சொல்லி வண்டியை மறிக்கிறதா? வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போறவன் இருப்பான், பரீட்சைக்குப் போறவ இருப்பா." மஹதோவைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் போதும். சொல்லிடுங்க. தப்பு எங்க பாஷை மேலதான், உங்க மேல இல்ல."

மஹதோ உள்ளே போனார். போனில் அவர் நான்கு முறை "சாரி சார்" சொன்னது வெளியே கேட்டது.

லக்கி டிராக்டரிலிருந்து முதுகை எடுத்தான். யாரையும் பார்க்காமல், "ஐஸ் எத்தனை பாளம் வேணும்?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் ஹைவேக்குப் போன் போட்டான். "டேய், ஸ்பீக்கரை நிறுத்து. எல்லாரும் ஸ்டேஷனுக்கு வாங்க. ஆமாடா, எல்லாரும்."

அவர்கள் வருவதற்குள் நிஹால் கவுர் சுண்ணாம்பு டின்னோடு பிளாட்பார விளிம்பில் நடக்க ஆரம்பித்திருந்தாள். என்ஜின் வந்து நிற்கும் இரும்புக் கம்பத்திலிருந்து நாற்பது எட்டு நடந்தால் முதல் பெட்டியின் முதல் கதவு. அங்கிருந்து முப்பத்திரண்டு எட்டுக்கு ஒரு பெட்டி. அஜாயிப் எண்ணிக்கொண்டே முன்னால் போவார், அவள் பின்னாலேயே கோடு இழுத்துக்கொண்டு வருவாள். இன்றைக்கு எண்ணுவதும் இழுப்பதும் அவளே. ஆறாவது பெட்டியில் எண்ணிக்கை குழம்பியது. திரும்பப் போய்க் கம்பத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். எட்டுப் பெட்டிக்கும் கோடு விழுந்தது.

"கோட்டுக்கு ஒருத்தன் நில்லு, கோட்டுக்கு நடுவுல ரெண்டு பேர். ஒரு தட்டுல அஞ்சு டம்ளர். ரொப்பித் தயாரா இருக்கணும். வண்டி நின்ன பிறகு எவன் காலும் நகரக் கூடாது. ஜன்னல் உங்க முன்னாடி வந்து நிக்கும்."

"எப்படி நிக்கும், பெரியம்மா?"

"முப்பத்தோரு வருஷமா அங்கதான் நிக்குது."

பன்னிரண்டு பத்துக்கு வண்டி வந்தது. வெயிலில் தகரம் தகதகவென்று கொதித்தது. பெட்டி நின்றபோது ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஜன்னல் கம்பிகள் நின்றன. இருபத்தைந்து பேர், இருபத்தைந்து தட்டு. ரோஜா நிறப் பாலில் ஐஸ் மிதக்கும் டம்ளர்கள் கம்பிக்குள் போய்க்கொண்டே இருந்தன. "குடிங்க, டம்ளரைப் பாகாவுல கொடுங்க! நீலத் துப்பட்டா அம்மாகிட்ட!" லக்கியின் தொண்டைதான் ஸ்பீக்கர். ஒரு கிழவர் டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைசிப் பெட்டியின் கடைசி ஜன்னல் நிஹால் கவுருடையது. அவள் தட்டில் நான்கு போய்விட்டன. விசில் ஊதியது. ஜன்னலில் கைக்குழந்தையோடு ஒரு பெண். உதடு வெடித்திருந்தது, கோதுமை அறுப்பு முடிந்து ஊர் திரும்பும் கூலிக்காரி போல இருந்தாள். தட்டில் மிச்சம் இருந்தது ஒடுக்கு டம்ளர்தான். வண்டி அசைந்தது. நிஹால் கவுர் இரண்டு எட்டு கூடவே நடந்து அதை அவள் கையில் வைத்தாள். விரல்கள் விட்டபோது கை லேசாக இருந்தது.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஒரு டம்ளர் இல்லை. எல்லாத் தட்டும் காலி. மஹதோ வாட்சைப் பார்த்தார். "சரியா ஒரு நிமிஷம், மூணு செகண்டு" என்றார்.

"அந்த மூணு செகண்டு உங்க டிரைவர் எடுத்துக்கிட்டது" என்றார் தர்பாரா.

மூன்று மணிக்கு ஷிந்தோ டெம்போவில் சாக்கோடு வந்து இறங்கினாள். அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அழுதது கொஞ்சம்தான். பிறகு இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணினார்கள். நூற்று இருபத்துநாலு.

"ஒண்ணு குறையுது" என்றார் தர்பாரா. "பாகாக்காரங்களை நம்பினா இப்படித்தான்."

"வாயை மூடுங்க, மில்லு. கடைசிப் பெட்டியில ஒரு பொண்ணு. பாதியை வெச்சுப் பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டிருந்தா. பிடுங்க மனசு வரல. நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டேன். அண்ணி, தப்பா?"

நிஹால் கவுர் சாக்கைக் கிளறவில்லை. அந்த டம்ளர் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

"எந்த ஊராம் அவளுக்கு?"

"கட்டிஹாராம். பீகார்ல. அம்பாலாவுல வண்டி மாறி, ரெண்டு ராத்திரி போகணுமாம்."

வருடா வருடம் அஜாயிப்புக்கு ரயில்வே பாஸ் வரும். எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார். எல்லா வண்டியையும் அனுப்பி வைத்த மனுஷன் பதிண்டாவைத் தாண்டியதில்லை.

"ஷிந்தோ, உங்கண்ணன் ஒருவழியா வண்டி ஏறிட்டாரு" என்றாள். "கோட்லி ஜண்ட்னு அடியில எழுதியிருக்கு. எங்க போனாலும் எந்த ஊருன்னு கேட்டாச் சொல்லிக்குவாரு."

ஷிந்தோவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் தர்பாரா எழுந்து பம்பு பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தாடி மாவு கரைந்து ஓடியது.

மாலை ஆறு மணிக்கு பதிண்டா வண்டி. லக்கியும் அவன் ஆட்களும் டம்ளர்களைக் கழுவிச் சாக்கில் கட்டி விளக்கறையில் வைத்தார்கள். சுண்ணாம்புக் கோட்டின்மேல் யாரும் நடக்காமல் சுற்றிக்கொண்டு போனதை நிஹால் கவுர் பார்த்தாள். டிக்கெட் ஜன்னலில் மஹதோவே உட்கார்ந்திருந்தார்.

"பதிண்டா, அம்மா? எத்தனை பேர்?"

"ஒன்னேகால் லட்சம்."

மஹதோ தலையைத் தூக்காமல் ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.