தமிழ் தெரியாத சாமியார்

இருதயராஜுக்குப் பாவம் செய்வதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆபீசில் ரிலீஸ் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கொண்டாப்பூரில் பத்மப்ரியாவின் ஃபிளாட்டுக்குப் போவான். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ப்ராஜெக்ட். சாயங்காலம் பைக்கில் வீடு இருக்கும் தார்நாகாவுக்குத் திரும்பியதும் நேரே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவான். மறுநாள் பூசையில் மனைவி புஷ்பாவோடு வரிசையில் நின்று சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கியாக வேண்டுமே! அவன் எழுந்து வராவிட்டால் அன்றைக்கே அவள் தோண்டித் துருவிவிடுவாள். பாவத்தோடு நன்மை வாங்கவும் அவனுக்குத் துணிச்சல் கிடையாது. பெண்டாட்டிக்குத் துரோகம் செய்ய மட்டும் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது.

தோதாக ஒரு சாமியாரும் வாய்த்தார். ஃபாதர் பாலஷௌரி, குண்டூர்க்காரர். பிரசங்கம், பேச்சு எல்லாம் தெலுங்குதான். முதல் தடவை இருதயராஜ், "ஃபாதர், தெலுகு சரிகா ராது," என்று இழுத்தபோது, உன் பாஷையிலேயே சொல், ஆண்டவருக்குப் புரியும் என்று தெலுங்கில் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பத்மப்ரியாவின் பேர் முதற்கொண்டு எல்லாவற்றையும் தமிழில் கொட்டுவான். நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுப்பார். கேள்வியும் இல்லை, திட்டும் இல்லை.

ஆரம்பத்தில் அழுகைகூட வந்தது. போகப்போக அதுவும் நின்றுவிட்டது. பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது நெஞ்சு. அந்த ஃபிளாட்டிலும் ஒன்றும் தோன்றவில்லை, கோயிலிலும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு எதற்குத்தான் போகிறாய் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. விட்டுவிட வேண்டும் என்று திங்கட்கிழமை நினைப்பான், வாரக் கடைசியில் கால் தானாக அங்கே போய் நிற்கும்.

2006 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மழையில் தொப்பலாக நனைந்து வந்து முழங்காலிட்டான். விவரமாகச் சொல்லவே அலுப்பாக இருந்தது.

"வழக்கம்போலத்தான், சாமி."



"வழக்கம்போலன்னா?" என்று தமிழில் கேட்டார் ஃபாதர்.

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமி, உங்களுக்குத் தமிழ்..."

"பூந்தமல்லி குருமடத்துல படிச்சவன் நான். தமிழ்ல பிரசங்கமே வச்சிருக்கேன்."

"அப்ப, எல்லாமே..."

"எல்லாமே."

"ஏன் சாமி சொல்லல?"

"சொல்லியிருந்தா வேற சாமியாரைத் தேடிப் போயிருப்பீங்க. எனக்குப் புரியாதுன்னு நினைச்சாவது உண்மையைச் சொன்னீங்க. இன்னைக்கு அதையும் விட்டுட்டீங்க. பேசாம இருந்தது என் தப்போ என்னவோ. இப்ப சொல்லுங்க."

சொன்னான். இத்தனை நாள் சொன்ன அதே வார்த்தைகள்தான், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தது. இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஞாயிறுதோறும் அவன் நாக்கில் நன்மை வைத்திருக்கிறார். பூசை முடிந்து வாசலில் புஷ்பாவிடம் சிரித்துப் பேசியிருக்கிறார். அவனைப் பார்த்தும் அதே சிரிப்புத்தான் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"இனிமே போகக் கூடாதுன்னு இருக்கா?"

"இருக்கு சாமி. ஆனா ஒண்ணுமே உறைக்கல. இப்பக்கூட அழுகை வரல."

"அழுதாத்தான் மன்னிப்புன்னு யார் சொன்னா?" என்றவர், கையை உயர்த்தித் தமிழிலேயே மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. செல்போன் அடித்தது. பத்மப்ரியா.

"வீடு போய்ச் சேர்ந்தியா?"

"ப்ரியா, இனிமே நான் வர மாட்டேன்."

"யார்கிட்டயாவது மாட்டிக்கிட்டியா?" என்றாள்.

"மாட்டிக்கிட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"ஐயையோ! என்ன பண்ணாங்க?"

"ஒவ்வொரு தடவையும் மன்னிச்சிருக்காங்க," என்றான் இருதயராஜ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது.